நீர்த்தடையும் நுண் சிகிச்சைகளும்

அறுபதைக் கடந்த ஆடவர் பலர் நீண்ட பிரயாணத்துக்கு முன் தண்ணீர் அருந்துவதையே நிறுத்திவிடுவதையும், ரயிலில் கழிவறைக்குப் பக்கத்து இருக்கையை விரும்பிக் கேட்டு வாங்குவதையும், கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காருமுன் ஒரு முறையும் எழுந்தபின் ஒரு முறையுமாகக் கொல்லைப்புறம் போய் வருவதையும், இரவில் மூன்று நான்கு தடவை விழித்து, மற்றவர் உறக்கம் கலையாதபடி விளக்கைப் போடாமலே சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்; பார்த்தும், வயதின் சுபாவம் இது என்று எண்ணிச் சும்மா இருந்திருக்கிறோம். உபாதைப்படுகிறவரும் லஜ்ஜையினால் மனைவியிடங்கூட வாய் திறப்பதில்லை. ஒருநாள் ஜலதோஷத்துக்கென்று கடையில் வாங்கிய மாத்திரையை விழுங்கிய இரவில், அம்மருந்து சிறுநீர்ப்பையின் கழுத்துத் தசையை இறுக்கிவிட, நீர் அடியோடு நின்று, அடிவயிறு கல்லாய்த் திரண்டு, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடி, டியூப் போட்டுக்கொண்டு திரும்புகிற அந்த விடியற்காலையில்தான் புராஸ்டேட் என்னும் பெயர் அவ்வீட்டில் முதன்முதலாக ஒலிக்கிறது.

இக்காலத்தில் அப்பெயரைத் தொடர்ந்து வேறு பல பெயர்களும் வந்துசேருகின்றன. நீராவி செலுத்துவது என்கிறார் ஒருவர். கிளிப் வைத்து ஒதுக்கிப் பிடிப்பது என்கிறார் இன்னொருவர். ரத்தக்குழாயை அடைத்துவிட்டாலே போதும் என்கிறார் மூன்றாமவர். கீறல் இல்லை, தையல் இல்லை, அன்றைக்கே வீடு திரும்பலாம் என்ற உறுதிமொழி ஒவ்வொன்றோடும் சேர்ந்தே வருவதால், கீறல் சிறிதாயிருப்பதே சிகிச்சையின் சிறப்பு என்று நோயாளியும் குடும்பத்தாரும் முடிவு கட்டிவிடுகின்றனர். என் அபிப்பிராயத்தில் அது போதாத அளவுகோல். சரீரத்தில் எவ்வளவு குறைவாகக் கை வைக்கிறார்கள் என்று கேட்கிறவர், அந்தக் குறைவுக்கு ஈடாகத் தாம் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும். ஏனெனில் இச்சிகிச்சைகளில் ஒவ்வொன்றும் ஒரு பண்டமாற்று. அதில் கொடுப்பது இன்னது, பெறுவது இன்னது என்று அறிந்தவரே மனமொப்பிச் சம்மதம் கொடுக்க முடியும்.

முதலில் அவயவத்தைப் பார்ப்போம். புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உரிய சுரப்பி. 'முன்னே நிற்பது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. சிறுநீர்ப்பையின் வாசலில் காவலாள்போல் நின்று, விந்துவின் நீர்ப்பகுதியில் ஒரு பங்கைச் சுரப்பது அதன் தொழில். வாலிபத்தில் அதன் நிறை ஏறக்குறைய 20 கிராம். ஒரு நெல்லிக்காயை மனத்தில் கொள்ளலாம். அந்த நெல்லிக்காயின் நடுவில் துளையிட்டதுபோலச் சிறுநீர்த்தாரை அதனூடே செல்கிறது. எல்லாத் தொல்லைக்கும் மூலம் இந்த அமைப்புத்தான். தாரையை ஒட்டிச் சூழ்ந்திருக்கும் உட்பகுதி இளமையில் சுரப்பி முழுவதிலும் இருபதில் ஒரு பங்கே ஆயினும், வயது ஏற ஏறப் பெருக்கிறது அந்தச் சிறு பகுதியே என்றும், புற்றுநோய் பெரும்பாலும் தலைகாட்டுவது வெளிப்புறப் பகுதியில் என்றும் ஜான் மெக்நீல் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் தெளிவாக்கினார். ஆகவே இப்பெருக்கம் புற்றுநோயன்று, புற்றுநோயாக மாறுவதுமில்லை; இரண்டும் ஒரே சுரப்பியில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கக்கூடும் என்பது மட்டுமே உண்மை.

ஐம்பதுகளில் இருக்கும் ஆடவரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கும், எண்பதைக் கடந்தவரில் பத்தில் எட்டுப்பேருக்குக் குறையாமலும் இப்பெருக்கத்தின் அடையாளம் நுண்ணோக்கியில் தென்படுகிறது. இது புதிய வியாதியுமன்று. சுசுருத சம்ஹிதையின் உத்தர தந்திரம் மூத்திராகாதம் என்ற தலைப்பில் 12 வகை நீரடைப்புகளைப் பிரித்துக் கூறி, அவற்றுள் ஒன்றாக, மலவாய்க்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே கல்போல் திரண்டு வழியை மறிக்கும் வாதாஷ்டீலை என்பதை வர்ணிக்கிறது. அக்காலத்திலேயே அந்த இடத்தைச் சரியாகக் குறித்த அவ்வைத்தியர்களின் கூர்மையை நினைத்தால் மரியாதை உண்டாகிறது.

சுரப்பி பெருத்தால் உபாதையும் பெருக்கும் என்று எண்ணுவது இயல்பு. அநுபவமோ அப்படி இல்லை. 100 கிராம் சுரப்பியோடு நிம்மதியாக உறங்குகிறவரும் உண்டு. 35 கிராமில் மூச்சுத் திணறுகிறதுபோல் தவிக்கிறவரும் உண்டு. எவ்வளவு பெருத்தது என்பதைவிட எந்தத் திசையில் பெருத்தது என்பதே முக்கியம். பக்க மடல்கள் இரண்டும் உள்நோக்கிப் பெருத்தால் தாரை ஒரு நெடிய பிளவுபோல நெருங்கிவிடுகிறது. நடு மடல் பெருத்தாலோ, அது சிறுநீர்ப்பைக்குள்ளேயே எழும்பி நின்று, நீர் வெளியேற முயலும் ஒவ்வொரு தடவையும் குடத்தின் வாயில் பந்தைப் போட்டதுபோல் வாசலை மூடிக்கொள்கிறது. இந்த நடு மடலை வாசகர் நினைவில் வைத்திருக்கவேண்டும். சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் இது மறுபடியும் வரும்.

குழாயில் ஓடும் நீரைப் பற்றிப் பௌதிக சாஸ்திரம் சொல்லும் ஒரு விதியும் இங்கே நினைக்கத்தக்கது. விறைப்பான குழாயொன்றின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் அதன் வழியே சீராகச் செல்லும் நீர் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிறது. சிறுநீர்த்தாரை விறைப்பான குழாயல்ல. எனினும் சிறிதளவு நெருக்கம் ஏன் இவ்வளவு பெரிய தடையாகிறது என்பதும், சிறிதளவு திறப்பு ஏன் இவ்வளவு பெரிய சுகத்தைத் தருகிறது என்பதும் இதனால் ஓரளவு விளங்கும். இந்த நெருக்கத்தை எதிர்த்துச் சிறுநீர்ப்பை தன் தசையைத் தடிப்பாக்கிக்கொண்டு வருஷக்கணக்கில் போராடுகிறது. தடித்த தசை பொறுமை இழந்து, கொஞ்சம் நீர் சேர்ந்தாலே அவசரப்படுத்துகிறது. இன்னும் சில காலம் சென்றால் அதுவும் தளர்ந்துபோய், எவ்வளவு முக்கினாலும் பாதி நீரை உள்ளேயே நிறுத்திவிடுகிறது. தளர்ந்துபோன பைக்கு வாசலைத் திறந்துவிட்டு மட்டும் பயனில்லை. அதனால்தான் இவ்விஷயத்தில் லஜ்ஜையால் கடத்திய வருஷங்கள் பிற்பாடு எந்தச் சிகிச்சையாலும் முழுதும் மீட்க முடியாதவையாகிவிடுகின்றன.

பெருக்கம் ஏன் நேருகிறது? ஆண்மைக்குரிய டெஸ்டோஸ்டிரோன் என்ற சுரப்பு, ஒரு நொதியின் செயலால், அதனினும் வீரியமுள்ள டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாறுகிறது. சுரப்பி வளர்வதற்கு இந்த இரண்டாவது பொருளே உரம். 1974-ஆம் ஆண்டில், கரீபியக் கடலிலுள்ள டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில், பிறப்பில் பெண்களைப்போலத் தோன்றிப் பருவம் எய்தும்போது ஆண்களாக வெளிப்படும் சிலரை ஜூலியான் இம்பராட்டோ மெக்கின்லி என்ற பெண் மருத்துவரும் அவர் குழுவினரும் ஆராய்ந்து வெளியிட்டனர். அவர்களுக்குப் பிறவியிலேயே அந்த நொதி குறைந்திருந்தது. அவர்களுடைய புராஸ்டேட்டும் வாழ்நாள் முழுவதும் சிறிதாகவே இருந்தது. அந்தக் கிராமத்தில் கண்ட உண்மையிலிருந்தே அந்நொதியைத் தடுக்கும் பினாஸ்டரைடு என்ற மாத்திரை பிறந்து, 1992-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அது சுரப்பியைச் சுருக்கும். ஆனால் ஆறு மாதம் வரை பொறுத்திருக்கவேண்டும். டாம்சுலோசின் போன்ற மற்றொரு வகை மாத்திரை, கழுத்துத் தசையைத் தளர்த்திச் சில நாளிலேயே வழி விடுகிறது. சட்டென்று எழும்போது தலை சுற்றுவது அதன் குறை. அதை உட்கொள்கிறவர் கண்புரை அறுவைக்குச் செல்லும்போது கண் மருத்துவரிடம் மறவாமல் சொல்லவேண்டும். கண்மணியைச் சூழ்ந்த திரை அம்மருந்தால் தொய்ந்து, அறுவையை ஆபத்தாக்கக்கூடும். உபாதை இலேசாயிருப்பவருக்கு மருந்தே வேண்டாம், கவனித்துக்கொண்டிருந்தாலே போதும். நடுத்தரமாயிருப்பவரில் பலருக்கு மருந்தே போதும்.

மருந்து போதாமற்போனால் என்ன செய்வது என்ற கேள்விக்கு 1900 வரை நல்ல விடை இல்லை. இந்திய மருத்துவப் பணியில் இருபது ஆண்டுக்கு மேல் இருந்து, சிறுநீர்ப்பைக் கற்களை உள்ளேயே நொறுக்கி எடுப்பதில் பெயர் பெற்றுப் பின்னர் லண்டன் திரும்பிய பீட்டர் பிரேயர் என்ற ஐரிஷ் சஸ்திர வைத்தியர், அந்த ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு நோயாளியின் அடிவயிற்றைத் திறந்து, சிறுநீர்ப்பைக்குள் விரலை விட்டு, ஆரஞ்சுப் பழத்தின் தோலை விட்டுச் சுளையைப் பிரிப்பதுபோலப் பெருத்த பகுதியை மட்டும் விரலாலேயே பிரித்தெடுத்தார். அவருக்கு முன்னும் சிலர் முயன்றதுண்டு. எனினும் அம்முறையைப் பரப்பியவர் அவரே. வயிற்றைத் திறவாமல், சிறுநீர் வரும் வழியாகவே கருவியைச் செலுத்தி, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் தசையைச் சீவிச் சீவி எடுக்கும் முறை 1920-களிலும் முப்பதுகளிலும் அமெரிக்காவில் உருவாயிற்று. ஹரோல்டு ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலப் பௌதிகர் 1950-களின் இறுதியில் கண்ணாடிக் கோல்களைக் கொண்டு அமைத்த புதிய உள்நோக்கி அம்முறைக்குக் கண் கொடுத்தது. இன்றும் நம் ஆஸ்பத்திரிகளில் டி.யு.ஆர்.பி. என்று வழங்குவது அதுவே. எந்தப் புதுச் சிகிச்சையையும் அதனோடு ஒப்பிட்டே மதிப்பிடுகிறார்கள்.

அதன் பலம் பெரிது. நீர் தாராளமாகப் போகிறது, பலன் பல்லாண்டு நிற்கிறது. அதற்குக் கொடுக்கும் விலையையும் மறைக்கலாகாது. மயக்கமருந்தும், சில நாள் ஆஸ்பத்திரி வாசமும், ரத்தக் கசிவும் ஒருபுறம் இருக்க, போகத்தின் முடிவில் விந்து வெளிவராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் சென்றுவிடுவது பத்துப்பேரில் ஆறேழு பேருக்கு நேருகிறது. வழக்கமாக அத்தருணத்தில் இறுக மூடிக்கொள்ளும் பையின் கழுத்து, சீவப்பட்டபின் மூடமுடியாமற் போவதே காரணம். இதனால் உடம்புக்குத் தீங்கில்லை, விறைப்பும் பொதுவாகக் கெடுவதில்லை. ஆயினும் தாம்பத்திய வாழ்வில் இதைப் பெரிய இழப்பாக உணர்கிறவர் உண்டு. எழுபது வயதானவருக்கு இதெல்லாம் பொருட்டா என்று அவரைக் கேளாமலே வைத்தியரோ பிள்ளைகளோ தீர்மானித்துவிடுவதை நான் அநீதி என்றே கருதுகிறேன். நுண் சிகிச்சைகள் தோன்றியதற்குப் பாதிக் காரணம் இந்த இழப்பைத் தவிர்க்கும் ஆசையே.

உஷ்ணத்தால் தசையைக் கருக்கிச் சுருக்கலாம் என்பது முதல் யோசனை. 1990-களில் நுண்ணலை கொண்டு சுட்டார்கள். ஊசி வழியே ரேடியோ அலை செலுத்திச் சுட்டார்கள். வெப்பம் தசையிலிருந்து தசைக்கு மெல்ல மெல்லக் கடந்து செல்லவேண்டியிருந்ததால், சில இடம் கருகிற்று, சில இடம் பிழைத்தது. சில ஆண்டுகளில் உபாதை திரும்பவே, அவை இரண்டும் பெரும்பாலும் கைவிடப்பட்டன. அவையும் அறிமுகமான நாளில் கீறலில்லாத அற்புதம் என்றே புகழப்பட்டன.

நீராவி சிகிச்சை அந்தத் தோல்வியிலிருந்து பாடம் கற்றுக்கொண்டது. 100 டிகிரி வெந்நீர் கையில் பட்டால் சுடும். இட்டிலிப் பானையின் மூடியைத் திறக்கையில் அதே 100 டிகிரி ஆவி கையில் பட்டால் அதைவிடக் கொடுமையாகப் பொசுக்கும் என்பது நம் தாய்மார் எல்லோரும் அறிந்தது. ஒரு கிராம் நீர் ஆவியாக மாறும்போது, சூடு ஒரு டிகிரிகூட ஏறாமலே, ஏறக்குறைய 540 கலோரி வெப்பத்தைத் தன்னுள் ஒளித்துக்கொள்கிறது. குளிர்ந்து நீராகும் கணத்தில் அவ்வளவையும் ஒருங்கே கொட்டிவிடுகிறது. 18-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் கண்டறிந்த இந்த மறைவெப்பமே ஜேம்ஸ் வாட்டின் நீராவி யந்திரத்தை நமக்கு விளக்கியது. இன்று அதுவே புராஸ்டேட்டுக்குள் வேலை செய்கிறது. சிறுநீர் வழியே சென்ற கருவியிலிருந்து நுண்ணிய ஊசி பக்கவாட்டில் தசைக்குள் இறங்கி, ஒவ்வொரு தடவையும் 9 விநாடி நேரம், ஏறத்தாழ அரை மில்லிலிட்டர் நீரின் ஆவியைப் பாய்ச்சுகிறது. ஆவி அணுக்களின் இடைவெளிகளில் தானே புகுந்து பரவி, அணுக்களைத் தொட்ட இடத்தில் குளிர்ந்து வெப்பத்தைக் கொட்டுகிறது. உட்பகுதிக்கும் வெளிப்பகுதிக்கும் இடையிலுள்ள இயற்கையான மதில் அதைப் பெரும்பாலும் தாண்டவிடுவதில்லை. நடு மடலுக்குள்ளும் ஊசியை இறக்கலாம் என்பது இதன் விசேஷம். 2015-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற இம்முறையின் சோதனையில், 5 ஆண்டு முடிவில் மறுபடியும் சஸ்திர சிகிச்சைக்குப் போக நேர்ந்தவர் 100-க்கு 4 அல்லது 5 பேர். விந்து வெளிப்படுதலும் பெரும்பாலோருக்குக் காக்கப்பட்டது. ஆனால் செத்த தசையைச் சரீரம் உறிஞ்சித் தீர்க்க வாரங்கள் ஆகின்றன. முதலில் வீக்கம் அதிகமாகி உபாதை கூடவே செய்யும். சில நாள் முதல் ஒரு வாரம் வரை டியூப் இருக்கவேண்டியிருக்கும். முழுச் சுகம் மூன்று மாதத்தில்தான் தெரியும். அன்றே வீடு திரும்பலாம் என்பது மெய். டியூபோடு திரும்புவோம் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும்.

கிளிப் முறை தசையை அழிப்பதே இல்லை. சன்னலை மறைக்கும் திரைச்சீலையை இருபுறமும் ஒதுக்கிக் கட்டுவதுபோல், பக்க மடல்களை நூலால் இழுத்துப் பிடித்து வழியைத் திறக்கிறது. சுரப்பியின் வெளிமதிலில் நிக்கல் டைட்டானியக் கலப்பு உலோகத்தாலான ஒரு சிறு கட்டை, தாரைப்புறத்தில் துருப்பிடியா எஃகாலான ஒரு பிடி, இரண்டையும் இணைக்கும் ஒரு நூல்; இத்தகையவை நான்கைந்து வைக்கப்படும். இது 2013-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. டியூப் பலருக்கு வேண்டியதில்லை அல்லது ஓரிரு நாளே. சுகம் இரண்டொரு வாரத்தில் தெரிகிறது. விந்து வெளிப்படுதல் கெட்டதாகச் சோதனையில் காணப்படவில்லை என்பதே இதன் பெரும்புகழ். மறுபக்கத்தில், பெருக்கம் அப்படியே இருப்பதாலும் மேலும் வளரக்கூடுமாதலாலும், 5 ஆண்டுக்குள் மறு சிகிச்சை தேவைப்பட்டவர் 100-க்கு 13, 14 பேர். நீர் வெளியேறும் வேகமும் டி.யு.ஆர்.பி. அளவுக்கு உயர்வதில்லை. நடு மடல் பெரிதாயிருப்பவருக்கு இது அவ்வளவாகப் பொருந்துவதில்லை, நிக்கல் ஒவ்வாதவருக்கு ஆகாது, பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது உலோகம் படத்தைச் சற்று மறைக்கவும் கூடும்.

மூன்றாவது வழி சிறுநீர்த்தாரையைத் தொடுவதே இல்லை. தொடை மடிப்பிலோ மணிக்கட்டிலோ உள்ள ரத்தநாளத்தில் நூல்போன்ற குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே துணையால் புராஸ்டேட்டுக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண் நாளம்வரை சென்று, மணலினும் நுண்ணிய உருண்டைகளைத் தூவி அந்நாளத்தை அடைக்கிறார்கள். ஆகாரம் குறைந்த சுரப்பி சுருங்குகிறது. புராஸ்டேட்டிலிருந்து நிற்காமல் ரத்தம் போன ஒருவருக்கு அதை நிறுத்தவென்று இவ்வாறு அடைத்தபோது, சுரப்பியும் சுருங்கி நீரும் நன்றாகப் போயிற்று என்று 2000-த்தில் அமெரிக்காவில் ஓர் அறிக்கை வெளியாயிற்று; பிரேசில் நாட்டின் சாவோ பாலோ நகரத்தில் பிரான்சிஸ்கோ கார்னவாலே அதைச் சிகிச்சையாகவே வளர்த்தார். மிகப்பெரிய சுரப்பி உடையவருக்கும், மயக்கமருந்து தாங்காத இருதயம் உடையவருக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவருக்கும் இது ஒரு புகலிடம். எனினும் வயதானவரின் நாளங்கள் சுண்ணம் படிந்து வளைந்து கிடந்தால் குழாய் போய்ச் சேராது. உருண்டை வழிதவறினால் பக்கத்து அவயவங்கள் பாதிக்கப்படும். ஸ்விட்ஜர்லாந்தின் சாங்க்ட் காலன் நகரில் இதை டி.யு.ஆர்.பி.யோடு நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்து 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நோயாளிகள் கூறிய உபாதைக் குறைவு மூன்று மாதத்தில் இரண்டிலும் ஏறக்குறைய ஒத்திருக்க, நீரின் வேகமோ நாள அடைப்பில் விநாடிக்கு 5 மில்லிலிட்டரும் டி.யு.ஆர்.பி.யில் 15 மில்லிலிட்டரும் உயர்ந்திருந்தது. இரண்டு ஆண்டுக்குள் நாளம் அடைக்கப்பட்டவரில் ஐந்தில் ஒருவர் டி.யு.ஆர்.பி.க்குத் திரும்பினார். அனுபவசாலியான கரங்களில் மட்டுமே இதைச் செய்துகொள்வது நலம்.

5 நாள் மட்டும் உள்ளே வைத்து, தசையை அழுத்திப் பள்ளம் உண்டாக்கிவிட்டு எடுத்துவிடும் ஒரு கம்பிக்கூடும் இப்போது உண்டு. அதன் நெடுங்கால வரலாறு இன்னும் சிறிது. யந்திரக் கட்டுப்பாட்டில் நீர்த்தாரையாலேயே தசையைக் கடைந்தெடுக்கும் முறையும், ஹோல்மியம் லேசரால் பிரித்தெடுக்கும் முறையும் விளம்பரங்களில் இவற்றோடு சேர்த்தே சொல்லப்பட்டாலும், அவை மயக்கமருந்தின்கீழ் நடக்கும் முழுச் சஸ்திர சிகிச்சைகளே. லேசர் முறை, 1990-களில் நியூஸிலாந்தின் பீட்டர் கில்லிங்கும் துணைவர்களும் சீர்ப்படுத்தியது, பிரேயரின் விரல் சென்ற அதே தளத்தில் ஒளியைச் செலுத்துகிறது. எத்தனை பெரிய சுரப்பிக்கும் பொருந்துகிறது. பலன் மிக நீண்டு நிற்கிறது. விந்து பின்னோக்கிச் செல்வது மட்டும் டி.யு.ஆர்.பி.யைப்போலவே பெரும்பாலோருக்கு நேருகிறது.

எண்களைப் படிக்கையில் ஒரு செய்தியை மறவாதிருப்பது அவசியம். கிளிப் முறையையும் நீராவி முறையையும் சோதித்தபோது, நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கினருக்குப் பாவனைச் சிகிச்சையே செய்தார்கள். உள்நோக்கியைச் செலுத்தி, திரையால் மறைத்து, உண்மையில் நடப்பதுபோன்ற ஒலிகளையும் எழுப்பி, ஒன்றும் செய்யாமலே எடுத்துவிட்டார்கள். உபாதையை 0 முதல் 35 வரை அளக்கும் கணக்கில், கிளிப் வைக்கப்பட்டவருக்கு மூன்று மாதத்தில் 11 புள்ளி குறைந்தது. பாவனை பெற்றவருக்கும் 6 புள்ளி அளவு குறைந்தது. நீராவியில் 11 புள்ளி. அதன் பாவனையில் 4 புள்ளிக்குச் சற்று மேல். இவர்கள் பொய் சொன்னார்கள் என்பதல்ல. நம்பிக்கையும், கவனிப்பும், கடும் உபாதை தானே சற்றுத் தணிந்து ஏறி இறங்கும் சுபாவமும் சேர்ந்து மெய்யான சுகத்தையே உண்டாக்குகின்றன. சிகிச்சையின் சொந்தப் பலன் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே. அது சிறிதன்று, ஆனால் முழு எண்ணும் அன்று. பக்கத்து வீட்டுக்காரர் ஒரே மாதத்தில் தேறிவிட்டார் என்ற செய்தியை வைத்துக்கொண்டு ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பிரமாணம் வேண்டியதில்லை.

அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? மேலே சொன்ன கணக்கு ஏழு கேள்விகளால் ஆனது. 7 வரை இலேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. இதே நிலை இனிமேலும் நீடித்தால் எப்படியிருக்கும் என்ற எட்டாவது கேள்வி ஒன்று உண்டு. எனக்கு அதுவே மற்ற ஏழையும்விடப் பெரிதாகப் படுகிறது. பின்னர், ஒரு கருவியில் சிறுநீர் கழித்து வேகத்தை அளப்பார்கள். விநாடிக்கு 10 மில்லிலிட்டருக்குக் கீழ் என்றால் தடை இருக்கக்கூடும். ஸ்கேன் செய்து, கழித்தபின் தங்கும் நீரையும் சுரப்பியின் பருமனையும் பார்ப்பார்கள். உள்நோக்கியால் நடு மடலைப் பார்ப்பார்கள். நீர் மெதுவாகப் போவது தடையாலா, பையின் தளர்ச்சியாலா என்ற சந்தேகம் இருந்தால் அழுத்தத்தையும் அளப்பார்கள். நுண் சிகிச்சைகள் பெரும்பாலும் சோதிக்கப்பட்டிருப்பது 30 முதல் 80 கிராம் வரையுள்ள சுரப்பிகளில். அதற்கு மேற்பட்டவர் லேசரையோ நாள அடைப்பையோ எண்ணவேண்டும். நடு மடல் எழும்பியிருந்தால் கிளிப்பைவிட நீராவி பொருந்தும். டியூபோடு ஒரு வாரம் இருப்பது இயலாதவர், பலன் சற்றுக் குறைந்தாலும் கிளிப்பை விரும்பலாம். ஐம்பத்தைந்து வயதில் தாம்பத்திய சுகத்தை இழக்க மனமில்லாதவர், பத்தாண்டு கழித்து மறுபடி ஒரு சிகிச்சை வேண்டியிருக்கலாம் என்று அறிந்தே நுண் முறையை ஏற்கலாம். ஒரே தடவையில் காரியம் முடியவேண்டும், மறுபடி இந்தப் பக்கம் வரக்கூடாது என்கிற எழுபத்தைந்து வயதுக்காரர் டி.யு.ஆர்.பி.யையோ லேசரையோ ஏற்பதில் பிழை என்ன? இருவரும் தத்தமக்குச் சரியானதையே செய்தவராவர். சிறுநீரகம் பழுதுபடத் தொடங்கியவரும், பைக்குள் கல் சேர்ந்தவரும், நீர் மறுபடி மறுபடி நின்றுபோகிறவரும் மட்டும், பொதுவாக, சிறு வழிகளில் காலங்கழிக்காமல் தடையை முழுமையாக நீக்கிக்கொள்வதே உத்தமம்.

இரவில் விழிப்பது ஒன்றையே முக்கிய உபாதையாகச் சொல்லி வருகிறவரைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. எத்தனை தடவை என்பதோடு எவ்வளவு நீர் என்பதையும் அவர் இரண்டு மூன்று நாள் அளந்து குறித்துப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் நிறையப் போகுமானால், குற்றம் புராஸ்டேட்டில் இல்லாமலிருக்கலாம்; சர்க்கரை வியாதியோ, பகலெல்லாம் காலில் தேங்கி இரவில் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பும் நீரோ, இருதயப் பலவீனமோ, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் உறக்கக் கோளாறோ காரணமாயிருக்கலாம். எந்த முறையானாலும் மற்ற உபாதைகளைத் தீர்க்கும் அளவுக்கு இரவு விழிப்பைத் தீர்ப்பதில்லை. அதை எதிர்பார்த்து ஆவியும் கிளிப்பும் பெற்றவர் ஏமாந்துபோவதற்கு இடமுண்டு.

சிகிச்சை முடிந்தபின்னும் ஒரு கவனிப்பு மிச்சமிருக்கிறது. டி.யு.ஆர்.பி.யிலும் லேசரிலும் எடுத்த தசையை நுண்ணோக்கியில் பார்க்கலாம். ஆவியிலும் கிளிப்பிலும் நாள அடைப்பிலும் பார்க்கத் தசையே வெளிவருவதில்லை. ஆகையால் இவற்றைச் செய்துகொள்ளுமுன் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையாலும், விரலால் தொட்டுப் பார்ப்பதாலும், வேண்டுமானால் எம்.ஆர்.ஐ.யாலும் புற்றுநோய் உண்டா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். எந்தச் சிகிச்சைக்குப் பிறகும் சுரப்பியின் வெளிப்பகுதி அப்படியேதான் இருக்கிறதாதலால், வைத்தியர் சொல்லும் காலம்வரை அப்பரிசோதனை தொடரவேண்டும். பினாஸ்டரைடை ஆறு மாதத்துக்கு மேல் உண்டவருக்கு பி.எஸ்.ஏ. எண் பாதியாகக் குறைந்து காட்டும். பரிசோதனைச் சீட்டில் 3 என்று இருந்தால் வைத்தியர் அதை 6 என்றே படிக்கவேண்டும். அப்படிப் படிக்க, எந்த மாத்திரையை எத்தனை மாதமாக உண்கிறோம் என்பதை நோயாளி அவரிடம் சொல்லியிருக்கவேண்டும்.